அறுபது அங்குலம்

ஒரு நொடிக்குப் பதினைந்து அங்குலம் நாடா ஓடும்.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்,
அப்புறம் காபித்தூள் எந்த டப்பாவில் என்பதும்.

ஆர்க்கன்சாஸ் பக்கத்துக் கரை, ஹெலினா.
முன்பு ஐஸ் ஃபேக்டரியாக இருந்த கட்டடம்.
சுவருக்குள் ஒரு முழம் மரத்தூள் அடைத்திருந்ததால்
கத்தினாலும் எதிரொலி இல்லை.
கடன் வாங்கியவனைப் போல அந்தச் சுவர்,
கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.

எழுபத்தொன்று, பிப்ரவரி.
ஆறு நாள் வாடகை, பத்துப் பாட்டு.
எஸெல் கைட்டன் பாட்டும் கிதாரும்,
தம்பி லூஷியஸ் மவுத் ஆர்கன்.
ஆரிகனிலிருந்து பன்னிரண்டு கம்பிக் கிதாரோடு
மாரென் என்றொரு பெண்.
அவள் மீட்டினால் மழை விட்ட மரத்தை உலுக்கியது போல இருக்கும்.
ப்ளூஸும் ஃபோக் ராக்கும் ஒரே தட்டில் என்பது
தயாரிப்பாளர் வாரன் டெல்ப்பின் கணக்கு.
முதல் இரண்டு நாள் ஒட்டவே இல்லை.
மூன்றாம் நாள் ஹீட்டர் செத்தது.
எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்,
ஒட்டிவிட்டது.

நாலாம் நாள் இரவு லூஷியஸ் ஒப்பந்தத் தாளைப் பார்த்தான்.
கையெழுத்துக்கு ஒரே கோடு.
அதன் மேல் அண்ணன் பெயர் ஏற்கெனவே காய்ந்திருந்தது.
சத்தம் போடவில்லை.
ஆர்கன்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
டெட்ராய்ட் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டான்.
நானும் சொன்னேன்.
நாக்குத் தகடு ஒட்டிக்கொண்ட ஒன்றை மட்டும்
நாற்காலியில் விட்டுப் போனான்.

ஆறாம் நாள், ஏழாவது பாட்டு.
இரண்டாம் சரணம் முடிந்து ஆர்கன் நுழைய வேண்டிய இடம்.
எஸெல் அங்கே பாடவில்லை.
பலகைமேல் செருப்புக் காலால் எட்டுத் தட்டு,
ஒரு நீண்ட மூச்சு,
நாற்காலியைப் பார்த்து, "ம், வா."
பிறகு மூன்றாம் சரணம்.

"அந்தப் பொத்தலை மூடு" என்றார் வாரன்.

மஞ்சள் பென்சிலால் இரண்டு கோடு.
பிளேடை நாற்பத்தைந்து பாகை சாய்த்து
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
வெள்ளை ஒட்டுநாடா, நகத்தால் ஒரு தேய்ப்பு.
எனக்கு வெட்டு சுத்தமாக வரும். தொல்லையே அதுதான்.
கோணலாக வெட்டியிருந்தால்
யாருக்காவது கேட்டிருக்கும்.

நாலு நொடி. அறுபது அங்குலம்.
குப்பையில் போடாமல் பென்சிலில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை.

தொள்ளாயிரம் சொச்சம் விற்றது.
மெம்ஃபிஸ் பத்திரிகை ஒன்று
"மூச்சுவிடாமல் பாய்கிற ஏழாவது பாட்டு" என்று புகழ்ந்தது.
அட்டையின் பின்னால் கடைசி வரியில் என் பெயர்,
ஓர்ஃபா டில்லர்ட், ஆல்ஃபா ஆகியிருந்தது.

அந்த நாடாவைப் போட்டுக் கேட்க என்னிடம் மெஷின் கிடையாது.
ஒருமுறை அதை வைத்து
சமையலறை ஜன்னலுக்குத் திரை அளந்தேன்.
சரியாக ஐந்தடி.
வேறு எதற்கும் உதவியதில்லை.

எழுபத்தெட்டில் ஒரு ஞாயிறு போன் வந்தது.
"லூஷியஸ் கைட்டன்" என்றான், நேற்றுப் பேசி வைத்தவன் மாதிரி.
டெட்ராய்டில் ஒரு பாரில் ஜூக்பாக்ஸில் கேட்டானாம்.
"ஏழாவது பாட்டில், ரெண்டாம் சரணத்துக்கும் மூணாவதுக்கும் நடுவில்
அவன் எங்கே மூச்சு வாங்கினான்?
எங்க அண்ணனுக்கு அவ்வளவு நுரையீரல் கிடையாது."

தொள்ளாயிரம் பேரில் ஒருவன்.

மேஜை இழுப்பறை என் முழங்கையில் இடித்தது.
உள்ளே பென்சில், அதில் சுற்றிய பழுப்பு.
"எனக்கு நினைவில்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
அளந்து பழகியவள் நான், அன்று அளக்கவில்லை.
பிறகு, பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றான்.

பின்னால் பஸ் எதுவும் இல்லை.
ஒரு குழாய் சொட்டியது,
யாரோ பக்கத்து அறையில் தட்டு அடுக்கினார்கள்.